நாற்பத்தெட்டுப் படங்கள்

“பெட்டியைக் கொஞ்சம் திறந்துவிடுங்க” என்றான் ஜெயக்குமார்.

ஐஸ் பெட்டி கொண்டுவந்த தங்கையன் தயங்கினார். “தூக்குறப்பதான் சார் திறக்கணும்.”

“கண்ணாடில என் மூஞ்சிதான் விழுது.”

மூடி எடுக்கப்பட்டது. மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்ட மனைவி ஆனந்தவள்ளியின் தலைமாட்டில் நின்று கேமராவை உயர்த்தினான். அவளுடைய கேமரா. ஒரு படம். அரை அடி நகர்ந்தான். இன்னொன்று.

கல்லூரி ஆய்வகத்தில் பவளப்பாறைத் துண்டுகளை அவள் இப்படித்தான் எடுப்பாள். சுற்றிவந்து நாற்பத்தெட்டுப் படங்கள். கம்ப்யூட்டர் அவற்றைக் கோத்து, ஒவ்வொரு குழியும் மேடும் தெரிய முழு உருவத்தைத் திரையில் எழுப்பும். போன பொங்கலுக்கு அவன் முகத்தை எடுத்துப் பார்த்தாள். நடுவில் சிரித்துவிட்டான். உருவம் இரண்டு மூக்கோடு வந்தது.

“உனக்குப் பவளமே தேவலாம்ப்பா. சும்மா இருக்கும்.”

அவளை எடுக்கிறேன் என்று கேமராவைக் கேட்டான். அப்புறம் என்றாள்.

“மாப்ள, என்ன கல்யாண வீடா இது, சுத்திச் சுத்திப் படம் புடிக்கிறீங்க?” மாமனார் பிச்சமுத்து வாசலிலிருந்து வந்தார். “மூணு மணிக்கு எடுத்தாகணும். ஓயாமரி சுடுகாட்டுல சொல்லியாச்சு.”

“பாதிதான் ஆயிருக்கு மாமா. முழுசா வேணும்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

வலப்பக்கம் முடிந்து இடப்பக்கம் வந்தான். படத்துக்குள் ஒரு கை இருந்தது. மாமியார் காளியாயி மகளின் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“எப்படிச் சில்லுனு கெடக்குது பாருங்க எம்புள்ள.”

கை நிற்கவில்லை.

“அத்தை…”

“என்னங்க தம்பி?”

“ஒண்ணுமில்ல.”

மீதிப் படங்களையும் எடுத்து முடித்தான். மூடியைப் போட வேண்டியிருக்கவில்லை. அப்படியே தூக்கினார்கள்.

மறுநாள் காலை பால் தெளித்து, எலும்பைக் காவிரியில் கரைத்துவிட்டு ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வந்தான். ஈர வேட்டியோடு அவளுடைய லேப்டாப்பில் படங்களை ஏற்றினான். ஒன்றரை மணி நேரம் ஓடியது.

நெற்றி வந்தது. ஒட்டியிருந்த திருநீறு வந்தது. தாடையில் சின்ன வயதுத் தழும்பு வந்தது. மெதுவாகத் திருப்பினான். இடது கன்னத்தில் உள்ளங்கை அளவுக்குக் கறுப்பாக ஓர் ஓட்டை.

காபி கொண்டுவந்த காளியாயி பின்னால் நின்றாள்.

“அந்த எடத்துல என்னங்க தம்பி ஆச்சு?”

“வெளிச்சம் பத்தல அத்தை.”

வலது கன்னம் தெரியும்படி உருவத்தைத் திருப்பி, அவள் உட்கார்ந்து பார்ப்பதற்கு நாற்காலியை விட்டு எழுந்தான்.