அமுதத்தின் அப்பாவுக்கு நாலு சாட்சி

ரேமோன் என்ற அந்த வழிகாட்டியை இன்றைக்குத் தெருவில் பார்த்தாலும் நாலு வார்த்தை கேட்காமல் விடமாட்டேன். 1979 ஆகஸ்டில் நடந்தது. நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

என் பெயர் தெரேஸ். பிறந்தது காரைக்காலில். என் வீட்டுக்காரருக்கு இங்கே வேலை என்பதால் பாரிசுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். என்னோடு கான்வென்டில் ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள் பக்கத்து ஊர் நெடுங்காட்டு அமுதம். அங்கேயே பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள். வா வா என்று வருடக் கணக்காகக் கடிதம் எழுதியும் அசையாதவள், அந்த வருடம் தானாகவே லீவு போட்டுக்கொண்டு வந்து இறங்கினாள். அவள் கோபுரத்தையும் அரண்மனையையும் பார்க்க வரவில்லை. தன் அப்பாவைப் பார்க்க வந்தாள்.

அவள் அப்பா சிதம்பரநாதன் 1939இல் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறியபோது அமுதம் மூன்று மாதக் குழந்தை. மறு வருடம் ஜூன் மாதச் சண்டையில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த நாட்டிலேயே ஒரு ராணுவக் கல்லறையில் அடக்கம் செய்திருப்பதாக வரிசை எண், குழி எண் போட்டு ஒரு காகிதம் வந்ததாம். அவள் அம்மா சொர்ணாம்பாள் அதைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்து, சாவதற்கு நாலு நாள் முன்னால் மகள் கையில் கொடுத்திருக்கிறார். "ஒரு தடவையாவது எள்ளுந் தண்ணியும் விட்டுட்டு வாடி. இத்தனை வருஷமா அவரு ஒரு வாய்த் தண்ணி இல்லாம கெடக்காரு" என்று சொன்னாராம். வீட்டில் ஆண் பிள்ளை கிடையாது. இவள்தான் செய்தாக வேண்டும்.

கூட்டிப்போவதாக இருந்த என் வீட்டுக்காரருக்குக் கடைசி நேரத்தில் டியூட்டி போட்டுவிட்டார்கள். மறுநாள் அவளுக்கு விமானம். அதனால்தான் ரேமோனைப் பிடித்தேன். ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களை வேனில் ஏற்றி ஒரே நாளில் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டுவது அவன் தொழில். அவனும் காரைக்கால்காரன் மகன்தான். "கல்லறையும் போற வழிதான் அக்கா. மூணு மணிக்கு அங்க நிப்போம்" என்றான். அன்றைக்கு எங்களோடு வேனில் மதார் சாகிப்பும் வந்தார். காரைக்கால் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், தம்பியைப் பார்க்க வந்திருந்தார். எங்கள் மூன்று பேருக்கும் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

அமுதம் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிடவில்லை. எள்ளுத் தண்ணீர் விட்ட பிறகுதான் சாப்பாடு என்றுவிட்டாள். மடியில் ஒரு துணிப்பை. அதில் எள் முடிச்சு, சின்னச் செம்பு, ஒரு பாட்டிலில் ஊரிலிருந்து கொண்டுவந்த அரசலாற்றுத் தண்ணீர்.

ரேமோன் எங்களை அரண்மனைக்குக் கொண்டுபோனான். ராஜா எந்தக் கட்டிலில் படுத்தான், ராணி எந்தக் கண்ணாடியில் முகம் பார்த்தாள் என்று அறை அறையாகக் கதை அளந்தான். அங்கேயே ஒரு மணி ஆகிவிட்டது. பிறகு தோட்டம். பிறகு ஒரு சென்ட் கடை.

அந்தக் கடையில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைக்காரி இவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே உட்காரவைத்துக் காப்பி கொடுக்கிறாள். எங்கள் மணிக்கட்டில் ஆளுக்கு ஏழெட்டு சென்ட் தடவிவிட்டாள். ஆள் கொண்டுவந்து விட்டால் இவனுக்கு அங்கே கமிஷன் என்று தெரிய எனக்கு ரொம்ப நேரம் பிடிக்கவில்லை. அமுதம் வேனை விட்டே இறங்கவில்லை. பையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"மணி நாலாவுது ரேமோன். அஞ்சு மணிக்குக் கேட்டப் பூட்டிருவாங்க. நீ கெளம்புறியா, நான் டாக்சி பிடிக்கட்டுமா?" என்றேன்.

"டென்ஷன் ஆவாதீங்க அக்கா. கல்லறை எங்க ஓடியா போவுது?" என்று சிரித்தான். மதார் சாகிப் அவன் கையிலிருந்த காப்பியை வாங்கி மேசைமேல் வைத்தார். "தம்பி, அந்தப் பொண்ணு காலேலேர்ந்து பட்டினி. எந்திரி" என்றார். அதற்குப் பிறகுதான் எழுந்தான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐந்துக்குப் பத்து நிமிடம். வயதான காவலாளி ஒருவர் சாவிக்கொத்தோடு கேட்டருகே நின்றிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு அவரே முன்னால் நடந்தார். வரிசையை எண்ணி, குழியை எண்ணி, ஒரு கல்லுக்கு முன்னால் நின்று தொப்பியைக் கழற்றினார்.

சிதம்பரநாதன் என்று பிரெஞ்சு எழுத்தில் பெயர் இருந்தது. தேதியும் சரிதான். ஆனால் கல்லின் தலைப்பில் பிறையும் நட்சத்திரமும் செதுக்கி, கீழே அரபியில் ஒரு வரி இருந்தது.

அமுதம் என்னைப் பார்த்தாள். நான் மதார் சாகிப்பைப் பார்த்தேன். அவர் குனிந்து மெதுவாகப் படித்தார். "இது மர்ஹூமோட கபர், எறந்தவரோட குழின்னு போட்டிருக்கும்மா. எங்காளுங்க கல்லு" என்றவர், பக்கத்தில் இருந்த கல்லையும் அடுத்ததையும் பார்த்துவிட்டு, "இந்த வரிசை பூரா இதேதான்" என்றார்.

ரேமோன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "நம்மள மாதிரி காலனிலேர்ந்து வந்த பட்டாளம்னா எல்லாருக்கும் ஒரே கல்லாத்தான் அக்கா வச்சிருப்பாங்க. செத்தவருக்கு என்ன தெரியப்போவுது? வாங்க, ஆறு மணிக்கு ஆத்துல சுத்திக் காட்டுற படகு இருக்கு."

"வாய மூடு" என்றேன். அதற்குமேல் நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. கமிஷன் கடையில் தொடங்கி அவன் அப்பன்வரை போனேன். அமுதம் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். ஆபீஸ்காரர்கள் எப்போது எதைக் கேட்பார்களோ என்று தன் அம்மாவின் காகிதம் எல்லாவற்றையும் தூக்கி வந்திருந்தாள். அதில் ஒன்றை உருவி ரேமோன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"படிங்க தம்பி. எங்க அம்மா பிரெஞ்சுக்காரங்ககிட்ட பென்ஷன் கேட்டப்ப, நீ அவரு பொண்டாட்டிதான்னு என்ன நிச்சயம்னு கேட்டாங்க. கல்யாணத்தப் பதியலையாம். நெடுங்காட்டுலேர்ந்து நாலு பேரக் கூட்டிட்டுப் போயி, இந்து முறைப்படி கோயில்ல தாலி கட்டுனாருன்னு சத்தியம் பண்ண வச்சாங்க. அதான் இது. சீல் இருக்கு பாருங்க. அப்புறம் வருஷா வருஷம் உயிரோட இருக்கேன், வேற கல்யாணம் பண்ணிக்கலன்னு எழுதிக் கொடுக்கணும். காச்சல்லகூட போயி வரிசையில நின்னாங்க. இவ்வளவு கேட்டவங்க, எங்க அப்பா யாருன்னு ஒரு வார்த்தை கேக்கலையே. இந்து முறைப்படின்னு இவங்க கையிலயே பதில் இருந்துச்சே."

ரேமோன் இரண்டடி தள்ளிப் போய் நின்றான்.

அமுதம் மதார் சாகிப் பக்கம் திரும்பினாள். "பாய், இந்தக் கல்லு முன்னாடி எள்ளுத் தண்ணி விட்டா உங்களுக்கு ஒண்ணும் தப்பில்லையே?"

"உங்க அப்பாதானேம்மா. விடுங்க" என்றார்.

விட்டாள். அரசலாற்றுத் தண்ணீர் முழுவதையும் விட்டாள். நான் அழுதேன். அவள் அழவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "தெரேஸ், பேப்பர் வச்சிருக்கியாடி? எழுது. கல்ல மாத்தச் சொல்லி எழுது" என்றாள்.

அங்கேயே புல்லில் உட்கார்ந்து எழுதினேன். எழுதி முடித்ததும் சாட்சி வேண்டும் என்றாள். "அம்மாவுக்கு நாலு பேரு கேட்டாங்கள்ல, அப்பாவுக்கும் நாலு பேரு போடுங்க." முதல் கையெழுத்து மதார் சாகிப்புடையது. இந்த மனிதர் எங்கள் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்ல, இந்து என்று தமிழில் எழுதிப் போட்டார். இரண்டாவது நான். காவலாளி என்னை இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு மறுபேச்சில்லாமல் போட்டார். ரேமோன் மட்டும் "எனக்கெதுக்கு வம்பு அக்கா" என்று பின்வாங்கினான்.

"ஊர்ல, நெரவியில உங்க சித்தப்பா வீடு எனக்குத் தெரியும். இன்னிக்கு நீ பண்ண கூத்தையெல்லாம் அவருக்கு எழுதிப் போடட்டுமா?" என்றேன். கையெழுத்துப் போட்டான்.

எட்டு மாதம் கழித்து, ராணுவக் கல்லறைகளைக் கவனிக்கிற அலுவலகத்திலிருந்து என் விலாசத்துக்குப் பதில் வந்தது. இரண்டே வரி. மனு கிடைத்தது, மேற்கொண்டு கவனிக்க, மனுதாரர் உயிரோடு இருக்கிறார் என்பதற்குச் சான்றிதழ் அனுப்பவும்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைக் கிழித்துப் போட்டிருப்பேன். அமுதத்துக்குத் தெரிய வேண்டுமே என்று அப்படியே நெடுங்காட்டுக்கு அனுப்பிவைத்தேன். மூன்று வாரத்தில் சான்றிதழ் வந்தது, சீல் வைத்து, கையெழுத்துப் போட்டு. கூடவே ஒரு துண்டுச் சீட்டு.

"அம்மா நின்ன அதே சன்னல்லதான்டி நின்னேன். இத அவங்களுக்கு அனுப்பு. கல்ல மாத்துற வரைக்கும் வருஷா வருஷம் ஒண்ணு வாங்கி அனுப்புவேன். அதுக்கு முன்னாடி நான் சாகறதா இல்லைன்னும் சேத்து எழுதிப் போடு."