ஆறு பேரும் இடதுகைக்காரிகள்

ராஜபாளையத்தில் ஹெப்சிபா என்றால் யாருக்கும் தெரியாது; நைட்டி ஹெப்சி என்றால்தான் வீட்டைக் காட்டுவார்கள். பன்னிரண்டு வருடமாக அவள் மெஷின் வேறொன்றையும் கண்டதில்லை. அந்தப் பட்டத்தைக் கழற்றி எறியத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் கல்லூரி உடையலங்காரப் போட்டிக்கு ஆறு உடுப்புத் தைக்கும் வேலையைக் கேட்டு வாங்கி வந்தாள். முதலில் ஒன்று தைத்துக் காட்ட வேண்டும். அங்கே பாடம் எடுக்கும் கல்பனா மிஸ்ஸுக்குப் பிடித்தால் மிச்சமும் இவளுக்கு. இல்லையென்றால் வேறு டெய்லருக்கு.

மிஸ் கொடுத்தது ஒரு படம். நானூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்ததாம். இத்தாலிப் பெண்கள் ஆறு பேர், ஊருக்கொரு உடுப்பில். "அச்சு அசலா இப்படியே இருக்கணும். ஜட்ஜ் கையில இதே படம் இருக்கும்."

ஹெப்சிபா அதை மெஷினுக்கு மேலே ஒட்டிவைத்து இரண்டு நாள் முறைத்தாள். அடுத்த வீட்டுத் தங்கபாய்க்கு அந்த இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை.

"ஏட்டி, அதுல அப்படி என்னத்தப் பாக்க?"

"ஒருத்தி கரண்டி புடிச்சிருக்கா, ஒருத்தி தக்ளி, ஒருத்தி கத்தரிக்கோல். அம்புட்டுப் பேரும் இடது கையிலக்கா."

"அவிய ஊரு வழக்கமா இருக்கும்."

"ஆறு ஊருலயுமா?"

தங்கபாய் காப்பி கேட்டாள்.

கோர்ட்டுக்கு எதிரே ரப்பர் ஸ்டாம்ப் செய்து விற்கும் ஐயாதுரைக்கு வாக்கப்பட்டவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திருப்பிச் செதுக்கினால்தான் தாளில் நேராக விழும். படக்காரன் கீழே இருக்கும் ஊர்ப்பேர் எழுத்தை மட்டும் ஞாபகமாகத் திருப்பிவிட்டு, பெண்களை நேராகச் செதுக்கித் தொலைத்திருக்கிறான். கத்தரிக்கோல்காரிக்கு இடுப்புப் பையும், பாவாடையைத் தூக்கிச் செருகிய மடிப்பும் படத்தில் இடப்பக்கம். ஹெப்சிபா இரண்டையும் வலப்பக்கம் தைத்தாள்.

"மிஸ் சொன்னபடியே தச்சுக் குடுத்துட்டுப் போயேன்," என்றான் ஐயாதுரை. "வேண்டாம்னுட்டா பொறவு நைட்டிதான்."

"தப்புன்னு தெரிஞ்சே தைக்கதுக்கு நைட்டியே தைக்கேன்."

வெள்ளிக்கிழமை பஸ் ஏறினாள். பால்கோவா வாங்க வேண்டுமென்று தங்கபாயும் ஏறிக்கொண்டாள். அவளுக்குச் சர்க்கரை இருப்பது தெருவுக்கே தெரியும்.

கல்பனா மிஸ் உடுப்பை விரித்ததும் முகம் சுண்டியது. "பை இடம் மாறிக் கிடக்கே. பிரிச்சுத் தைங்க."

"பிரிக்க மாட்டேன் மிஸ்."

தங்கபாய் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஹெப்சிபா மேஜையில் இருந்த துறை முத்திரையை எடுத்து ஒரு தாளில் அழுத்தினாள். ரப்பரையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "ரப்பர்ல வலப்பக்கம் இருக்கது தாள்ல எங்க விழுந்திருக்கு, பாருங்க. இப்ப அந்தப் பொம்பளைங்க கையைப் பாருங்க."

மிஸ் பார்த்தார். எட்டு வருடமாக வகுப்பில் காட்டிவரும் படம். ஒவ்வொரு இடது கையாக விரல் வைத்து எண்ணினார். ஆறு.

"ஜட்ஜுக்கு என்ன சொல்ல?"

"உடுப்பைத் திருப்ப முடியாது. படத்தைக் கண்ணாடில தெரியுத மாதிரி இடம் வலம் திருப்பி ஜெராக்ஸ் எடுத்துக் குடுங்க."

"எழுத்து மாறி விழுமே?"

"விழட்டும். ஏன்னு கேப்பாருல்ல, அப்ப சொல்லுங்க."

உடுப்புப் போடவேண்டிய மற்ற ஐந்து மாணவிகளையும் அளவு கொடுக்க வரச்சொன்னார் மிஸ்.

தங்கபாய் பால்கோவாவை மறந்தே ஊர் திரும்பினாள். சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் சேதி. பட்டம்தான் போகவில்லை, கொஞ்சம் நீண்டிருக்கிறது. காலேஜ் மிஸ்ஸுக்குப் பாடம் எடுத்த நைட்டி ஹெப்சி.