இரண்டு திருகாணி

கெராலின் இடது கை ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அவள் சொன்னபடி கேட்க மறுத்தது. பெர்கா ஊருக்கு மேலே, ஓடைப் பாறையின் நடுவில் பைக் மேல் நின்றிருந்தாள். கிளட்ச்சைப் பிடித்த விரல்கள் பிடித்தபடியே மடங்கிக்கொண்டன. விடு என்றால் விடவில்லை. சக்கரத்துக்கு வேகம் போகாமல் பைக் அப்படியே பின்னால் உருண்டு அவளையும் இழுத்துக்கொண்டு தண்ணீரில் விழுந்தது.

இருக்கை இல்லாத ட்ரயல் பைக்கில் நின்றபடியே பாறை ஏறி இறங்குகிற போட்டி அது. கால் ஒரு முறை தரையில் பட்டால் ஒரு புள்ளி, விழுந்தால் ஐந்து. புள்ளி குறைந்தவருக்கே வெற்றி. இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் இரண்டு சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் பதினைந்து பாறைக் கட்டங்கள். அந்தக் கணம் வரை கெரால் ஒன்பது புள்ளி முன்னால் இருந்தாள். அதற்கப்புறம் வந்த நான்கு கட்டங்களிலும் அவளால் கிளட்ச்சைத் தொடவே முடியவில்லை. அக்காள் கணவன் ஜோஃப்ரே ஜெயித்தான். ஸ்காட்லாந்தில் ஆறு நாள் நடக்கும் பெரிய போட்டிக்கு ஊர் பைக் சங்கம் ஒருவரைத்தான் அனுப்பும். அந்த இடமும் அவனுக்கே போயிற்று.

அன்று சங்கத்துக்குப் பக்கத்து பாரில் கெரால் கை மேல் ஐஸ் பையை வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவள் இருப்பது தெரிந்தேதான் ஜோஃப்ரே பேசினான்.

"பாவம், நல்லாத்தான் ஓட்டுறா. ஆனா அது முடி வெட்டுற கை. ரெண்டு நாளே தாங்கல, ஆறு நாள் எங்க தாங்கும்?"

நாலு பேர் சிரித்தார்கள். கெராலும் சிரித்து வைத்தாள். தன் கைதான் தன்னைக் கைவிட்டது என்று அவளும் நம்பியிருந்தாள்.

நான்கு நாள் கழித்து, வளைந்த மட்கார்டைச் சரிசெய்ய பைக்கை ப்ளாயின் பட்டறைக்குக் கொண்டுபோனாள். ப்ளாய் அவளோடு பள்ளியில் படித்தவன். அவளுடைய பைக்கில் அவன் கை படாத பாகம் கிடையாது. போட்டி நாளன்று காய்ச்சலில் படுத்துவிட்டான். பைக்கை ஸ்டாண்டில் ஏற்றியதும் ஹேண்டில்பாரைப் பார்த்து அப்படியே நின்றான்.

"இதை யாரு தொட்டது?"

"எதை?"

"கிளட்ச் லிவரை. கை சாய்ற பக்கமா கீழ் நோக்கி வச்சிருந்தேன். இங்க பாரு, வெள்ளைப் பெயிண்ட்ல கோடு போட்டிருக்கேன், ஹேண்டில்பார்லயும், லிவரைப் பிடிச்சிருக்கிற கவ்வியிலயும். ரெண்டு கோடும் எங்க இருக்கு பாரு." ஒரு விரற்கடை தள்ளியிருந்தன. "மேல திருப்பியிருக்காங்க. மணிக்கட்டு பின்னால ஒடிஞ்சுதான் பிடிக்க முடியும். லிவர் எவ்வளவு எட்டத்துல இருக்கணும்னு வைக்கிற திருகாணியையும் வெளிய சுத்தியிருக்காங்க. உன் விரலுக்கு இது எட்டவே எட்டாது. கொல்லன் கையா இருந்தாலும் பிடிச்சுக்கும்."

"விழுந்ததுல திரும்பியிருக்குமோ?"

"விழுந்தா ஒண்ணு திரும்பும். ரெண்டு திருகாணியும் சேர்ந்து திரும்புமா?"

போட்டியின் முதல் நாள், சனிக்கிழமை மாலை, பைக் ஜோஃப்ரேயின் கராஜில் இருந்தது. போட்டி தொடங்கும் இடம் அவன் வீட்டுக்கு எதிரில் என்பதால் ஒவ்வொரு வருடமும் அங்கேதான் நிறுத்துவாள். ஞாயிறு காலை ஏறி நின்றதும் லிவர் ஒரு மாதிரி இருக்கிறதே என்று அவள் சொன்னதும், "குளிரு, மச்சினி. கை விறைச்சிருக்கும். நல்லா இறுக்கிப் பிடி, சரியாயிடும்" என்று அவன் சொன்னதும் நினைவுக்கு வந்தன.

"சங்கத்துல சொல்லுவோம்" என்றான் ப்ளாய், விலகிய கோடுகளைப் படம் எடுத்துக்கொண்டே.

"வேண்டாம். நீயும் வாயைத் திறக்காத."

"ஏன்?"

"தோத்தவ சாக்கு சொல்றான்னுதான் சொல்வாங்க. எனக்கு அவன் தோக்கணும். எல்லாரும் பார்க்கத் தோக்கணும். அப்புறம் சொல்றேன்."

கெராலுக்கு ஊரில் ஒரு முடிதிருத்தும் கடை இருந்தது. ஜோஃப்ரே மாதம் ஒரு தடவை அங்கே வந்து உட்காருவான். ஸ்காட்லாந்துக்குப் போகும் முன்னும் வந்தான்.

"ஒட்ட வெட்டு மச்சினி. ஹெல்மெட்டுக்குள்ள வேர்க்கும்."

பிடரியில் சவரக்கத்தியை வைத்து மெதுவாக இழுத்தாள். காதுக்குக் கீழே ஒரு நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. கத்தி அங்கே வந்ததும் கொஞ்சம் நிறுத்தினாள்.

"தலையை ஆட்டாதீங்க, அத்தான்."

"என் மேல வருத்தமில்லையே?"

"எதுக்கு வருத்தம்? கைதான் பிடிச்சுது."

அவன் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டான். அவள் துண்டை உதறினாள். அன்று முதல் ஒவ்வொரு மாதமும் அவன் தலையைத் தொடும்போது அந்த வெள்ளைக் கோடுகள் நினைவுக்கு வரும். ஆனாலும் ஒரு முடி கூடக் கோணலாக வெட்டியதில்லை.

ஜோஃப்ரே ஆறு நாள் போட்டியின் நான்காம் நாளே திரும்பிவிட்டான். கியர் பெட்டி போய்விட்டது என்று ஊரெல்லாம் சொன்னான். உண்மையை அக்காள் ரோசேர் சொன்னாள், வழக்கம்போல வெள்ளிக்கிழமை மாலை வந்து தலை கழுவும் தொட்டியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தபோது.

"யார்கிட்டயும் சொல்லிடாதடி. கியர் பெட்டிக்கு ஒண்ணும் ஆகல. ரெண்டு முன்னங்கையும் கட்டை மாதிரி ஆயிடுச்சாம். வந்து ரெண்டு நாள் சட்டைப் பித்தான் நான்தான் போட்டுவிட்டேன். ஷாம்பு மூடியக்கூட அவரால திறக்க முடியல."

கெரால் அக்காவின் தலையில் வெந்நீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"இனிமே கையைப் பலமாக்கணும்னு சொல்லிட்டிருக்காரு."

"பலமாக்கட்டும்" என்றாள் கெரால்.

அன்று கடையைச் சாத்தும்போது கத்தரிக்கோலைக் கையில் வைத்துப் பார்த்தாள். ஒரு நாளைக்கு இருபது தலை வெட்டுகிறாள். கை ஒரு நாளும் பிடித்துக்கொண்டதில்லை. ஏனென்றால் கத்தரிக்கோலை அவள் இறுக்கிப் பிடிப்பதே இல்லை. கட்டைவிரல் மட்டும் அசையும், மற்றவை சும்மா தாங்கும். பைக்கில் மட்டும் ஏன் தொங்குகிறவள் மாதிரி பற்றிக்கொள்கிறேன்?

மறுநாள் ப்ளாயிடம் கேட்டாள். ப்ளாய் வாயைப் பிளந்தான். "இத்தனை வருஷமா அதைத்தான் கத்திக்கிட்டிருக்கேன்."

வேலை அப்படித்தான் ஆரம்பித்தது. லிவரைப் பழைய கோட்டுக்குக் கொண்டுவந்து, எட்டத்தை இன்னும் குறைத்தார்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணு மட்டும் தொட்டால் போதும். கிளட்ச் எண்ணெயை மாற்றி காற்றை வெளியேற்றியதும் லிவர் வெண்ணெய் மாதிரி இறங்கியது. தடித்த கைப்பிடி ரப்பரைக் கழற்றி மெல்லியதைப் போட்டார்கள். கையுறையும் உள்ளங்கையில் மடிப்பு விழாதபடி ஒட்டியதாக வாங்கினாள். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மலைச்சரிவில் ப்ளாய் கீழே நின்று கத்துவான்.

"பியானோ!"

உடனே அவள் ஓடிக்கொண்டிருக்கும்போதே விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்ட வேண்டும். ஒரு விரல் எழும்பவில்லை என்றாலும் கீழே வந்து மறுபடியும்.

"கையால இழுக்காத! கால்ல நில்லு! இடுப்பைப் பின்னால விடு, பைக் தானா ஏறும்!"

முதல் மாதம் தொடைதான் செத்தது. இரண்டாம் மாதம் பாறை உச்சியில் கை லேசாக இருப்பதை உணர்ந்தாள். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் கையைத் தொங்கவிட்டு உதறினாள், மரத்தில் உள்ளங்கையை ஊன்றி முன்னங்கையை நீட்டினாள், மூச்சை அடக்காமல் விட்டாள், தாகம் எடுக்கும் முன்பே உப்புப் போட்ட தண்ணீர் குடித்தாள். ஒவ்வொன்றையும் செய்யும்போது அவள் கண் முன்னால் ஜோஃப்ரேயின் பிடரிதான் இருந்தது.

ஜனவரியில், குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் திருநாளுக்கு ஒருவருக்கொருவர் பரிசு கொடுப்பது வழக்கம். கெரால் ஜோஃப்ரேக்கு ஒரு கைப்பயிற்சி ஸ்பிரிங் கொடுத்தாள். கடையில் இருந்ததிலேயே கடினமானது.

"கையைப் பலமாக்கணும்னு அக்கா சொன்னா."

"பாத்தியா ரோசேர், உன் தங்கச்சிக்கு எவ்வளவு நல்ல மனசு!" என்று அங்கேயே இருபது தடவை அழுத்திக் காட்டினான்.

போட்டிக்கு முந்தின வாரம் கை ஓய்வெடுக்க வேண்டும், போட்டி நாளில் ஸ்பிரிங்கைத் தொடவே கூடாது என்பதை அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. வண்டி ஓட்டும்போது, டிவி பார்க்கும்போது, முடி வெட்டிக்கொள்ளும்போது கூடத் துணிக்கு அடியில் கிறீச் கிறீச் என்று அழுத்திக்கொண்டே இருந்தான். அந்தச் சத்தம் கேட்டால் கெராலுக்குப் பாட்டு முணுமுணுக்கத் தோன்றும்.

மார்ச்சில் மறுபடியும் இரண்டு நாள் போட்டி வந்தது. சனிக்கிழமை முடிவில் ஜோஃப்ரே இரண்டு புள்ளி முன்னால் இருந்தான். கெரால் இந்த முறை பைக்கைப் பட்டறைக்கே கொண்டுபோனாள். போட்டி முடிந்ததும் ஹெல்மெட்டை ஜோஃப்ரேயின் கராஜில் மறந்து வைத்துவிட்டதால் மாலையில் அங்கே வந்தாள். அவன் பைக் தனியாக நின்றிருந்தது. மேல்மாடியில் ரோசேர் பாத்திரம் கழுவும் சத்தம். சட்டைப் பையில் ப்ளாயின் திருகாணிச் சாவி இருந்தது. இரண்டு திருகாணி, ஒரு நிமிடம் போதும்.

குனிந்து லிவரைத் தொட்டுப் பார்த்தாள். அவன் லிவர் ஏற்கெனவே மேலே நிமிர்ந்து, எட்டாத தூரத்தில் இருந்தது. பலசாலி என்று காட்டிக்கொள்ள அவனே அப்படி வைத்திருந்தான். அவள் செய்ய எதுவுமே இல்லை. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு சிரித்தபடி வெளியே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு அடுத்த எண் அவளுடையது. தான் முன்னால் போக வேண்டும், மற்றவர்கள் பின்னால் வர வேண்டும் என்பது ஜோஃப்ரேயின் குணம். அதைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் பாறையைச் சுற்றி நடந்து பார்க்கும் நேரத்தில் அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறினாள். முடித்ததும் நிற்காமல் அடுத்ததுக்குப் போனாள். அவள் விரட்டுவதைப் பார்த்து அவனும் உட்காராமல், அவளை முந்தப் பின்னாலேயே ஓடினான்.

"என்ன மச்சினி, அடுப்புல ஏதாவது வச்சுட்டு வந்தியா?"

"ஆமா அத்தான். வெந்துக்கிட்டிருக்கு."

முதல் சுற்று முடிவில் அவன் புள்ளியும் அவள் புள்ளியும் சமம். அவன் துணையாள் தண்ணீர் நீட்டினான். வேண்டாம் என்று தள்ளிவிட்டு ஸ்பிரிங்கை எடுத்து அழுத்தினான். கெரால் ஒரு பைன் மரத்தில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு அதை வேடிக்கை பார்த்தாள்.

இரண்டாம் சுற்றின் எட்டாவது கட்டத்தில் அவன் கால் இரண்டு முறை தரையில் பட்டது. பத்தாவதில் மூன்று. பன்னிரண்டாவது கட்டம் செங்குத்துப் பாறை. கூட்டம் முழுக்க அங்கேதான் நின்றது. பாறையின் பாதியில் ஜோஃப்ரேயின் விரல்கள் கிளட்ச் மேல் மடங்கிக்கொண்டன. என்ஜின் மட்டும் உறுமியது, பைக் ஏறவில்லை. துணையாள் பாய்ந்து பிடித்ததால் அடிபடாமல் இறங்கினான். ஐந்து. கீழே வந்த பிறகும் இடது கை கைப்பிடியை விடவில்லை. துணையாள் ஒவ்வொரு விரலாக விரித்துவிட வேண்டியிருந்தது.

கெரால் பக்கத்தில் வந்து நின்றாள். எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள்.

"குளிரு, அத்தான். நல்லா இறுக்கிப் பிடிங்க, சரியாயிடும்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் கண்ணைப் பார்த்ததும், அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்தது.

அவள் அதே பாறையில் கிளட்ச்சை ஒரே விரலால் தொட்டபடி ஏறினாள். உச்சியில் கையைத் தளர்த்தி விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள். கீழே ப்ளாய் விசிலடித்தான். கால் ஒரு முறை கூட ஊன்றாமல் கடைசி மூன்று கட்டங்களையும் முடித்தாள். அவனோ அந்த மூன்றிலும் தடுமாற, பதினேழு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தாள்.

சங்கத்தில் விருந்து. தொத்திறைச்சியும் வெள்ளை மொச்சையும் தட்டில் வந்தன. மூக்கு நீண்ட கண்ணாடிக் குடுவையில் ஒயின் கைமாறி வந்தது. தலைக்கு மேல் தூக்கி வாயில் ஊற்றிக்கொள்ள வேண்டும். ஜோஃப்ரேயிடம் வந்ததும் அவனால் தூக்க முடியவில்லை. ஒயின் மேசையில் சிந்தியது.

கெரால் எழுந்து நின்றாள். மேசையில் ப்ளாய் எடுத்த புகைப்படத்தை வைத்தாள், விலகிய இரண்டு வெள்ளைக் கோடுகள். போன வருடம் சனிக்கிழமை மாலை பைக் எங்கே இருந்தது என்று சொன்னாள். கியர் பெட்டிக் கதையையும் சேர்த்துச் சொன்னாள். குரல் உயரவே இல்லை, கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற மாதிரியே பேசினாள்.

"பொய்" என்றான் ஜோஃப்ரே.

"நீங்க அன்னைக்குச் சாப்பாட்டைப் பாதியில வச்சுட்டு கராஜுக்கு இறங்கிப் போனீங்க" என்றாள் ரோசேர். எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். "செயினுக்கு எண்ணெய் விடணும்னு சொன்னீங்க. திருகாணிச் சாவிப் பெட்டியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்."

போன வருடம் பாரில் சிரித்த நாலு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் தொண்டையைக் கனைத்து, ஜோஃப்ரேயின் உறுப்பினர் விஷயத்தை அடுத்த கூட்டத்தில் பேசுவோம் என்றார். ஜோஃப்ரே எழுந்து போனான். கோட்டுப் பித்தானைப் போட முடியாமல் திறந்தபடியே போனான்.

ரோசேர் போகவில்லை. தங்கையை வாசலுக்குக் கூட்டிப் போனாள்.

"ஒரு வருஷமா எல்லாம் தெரிஞ்சே அவருக்கு முடி வெட்டியிருக்க."

"ஆமா."

"நான் ரகசியம்னு சொன்னதை ஊரு முன்னால எடுத்துப் போட்டுட்ட."

"ஆமா அக்கா."

"எங்கிட்ட வந்து சொல்லணும்னு தோணலயா?"

"சொன்னா நீ சமாதானம் பண்ணி வச்சிருப்ப. எனக்குச் சமாதானம் வேண்டாம்."

ரோசேர் கோட்டை மாட்டிக்கொண்டாள். "அவர் பண்ணினது தப்பு. அதை வீட்டுல நான் பார்த்துக்கறேன். நீ கொஞ்ச நாளைக்கு வராத" என்று சொல்லிவிட்டுக் கணவன் போன பக்கம் போகாமல், எதிர்த் திசையில் தன் தோழி வீட்டுக்கு நடந்தாள்.

மே மாதம் கெரால் ஸ்காட்லாந்துக்குப் போனாள். ஆறு நாளும் மழை. ஆறு நாளையும் முடித்தாள். நூற்றுப் பதினோராவது இடம்தான். கடைசி நாள் மாலை அக்காவுக்கு போன் செய்தாள், எடுக்கவில்லை. ஊருக்கு வந்து கடையைத் திறந்தாள். ஜோஃப்ரே இப்போது பெர்காவில் வேறு யாரிடமோ முடி வெட்டிக்கொள்கிறான் என்றும், காது பக்கம் ஒழுங்காகவே இல்லை என்றும் வாடிக்கையாளர்கள் சொன்னார்கள். கேட்டபோது அவளுக்கு இனித்தது. அக்கா வந்து உட்காரும் வெள்ளிக்கிழமை மாலையை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறாள்.