சங்கு ஊதாத காலை

…சிவப்புப் பட்டையில் ஆவரங்கோட்டை மகாராஜா காலமானார் என்ற எழுத்து ஓடிக்கொண்டே இருக்கிறது, ஓடி முடிந்ததும் மறுபடி தலையைக் காட்டுகிறது, அதற்கு மேலே மகாராஜா சிரிக்கிறார், அந்தப் படத்தை எடுத்தவன் கோமதிநாயகம்தான், இரண்டு தசராவுக்கு முன்னால், கொஞ்சம் சிரிங்க மகாராஜா என்று இவன் கேட்க, தொண்ணூற்றொரு வயது மனிதர் பல் செட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பொக்கை வாயால் சிரித்த சிரிப்பு, அதைச் சுற்றி இப்போது கறுப்புக் கட்டம் போட்டுவிட்டார்கள், டீக்கடையில் நிற்பவர்கள் டிவியை ஒரு தரமும் இவனை ஒரு தரமுமாகப் பார்க்கிறார்கள், செய்தி கொடுத்தவனும் இவன்தானே, சென்னை டிவி ஒன்றுக்குப் பதினேழு வருஷமாக ஊர் நிருபர், எட்டு இருபதுக்குச் சொன்னான், எட்டு இருபத்திரண்டுக்கு ஓடியது, எட்டரைக்குள் மற்ற அத்தனை டிவியும் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்தன, வாழ்க்கையில் முதல்முறையாக முந்திவிட்டான், சந்தோஷமாக அல்லவா இருக்க வேண்டும், ஆனால் மணி ஒன்பதேகால் ஆகிவிட்டது, அரண்மனையிலிருந்து இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை.

அவன் பொய் சொல்லவில்லை, யார் வேண்டுமானாலும் வந்து கேட்கட்டும், அரண்மனை மதிலுக்குள் இருக்கிற முருகன் கோயிலில் காலை எட்டு மணிப் பூசைக்குச் சங்கு ஊதுவார்கள், மழையோ புயலோ அது நிற்காது, ராஜ குடும்பத்தில் ஓர் உயிர் போனால் மட்டும் நடையைச் சாத்துவார்கள், உடலை எடுக்கும்வரை சங்கு கிடையாது, அரண்மனை எழுதிக் கையெழுத்துப் போட்டு அறிவிப்புக் கொடுக்க மத்தியானம் ஆகும், ஊர்க்காரனுக்கு அது எதற்கு, சங்கு நின்றால் ராஜ சாவு, பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், இன்றைக்கு எட்டு மணிக்கு மதிலோரமாகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான், எட்டு ஐந்து, எட்டு பத்து, சத்தமே இல்லை, வடக்கு வாசல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தால் நடை சாத்தியிருக்கிறது, மகாராஜா மூன்று வாரமாகப் படுக்கையில், பிள்ளை குட்டி கிடையாது, அந்த மதிலுக்குள் ராஜ குடும்பம் என்று மிச்சமிருப்பது அவர் ஒருவர்தான், இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும், ஆனாலும் சென்னையில் செய்திப் பிரிவில் இருக்கிற யாழினி கேட்டாள், சார் கன்ஃபார்மா, உள்ள ஒருத்தர்கிட்டயாவது பேசிட்டீங்களா, அந்தச் சின்னப் பெண்ணுக்குச் சங்கைப் பற்றி என்ன தெரியும், நான் சொல்லுதேன்லா, கன்ஃபார்ம், நீ போடும்மா என்றான்.

அவசரப்பட்டானா, பட்டான், படாமல் என்ன செய்வான், பதினோரு வருஷத்துக்கு முன்னால் மகாராணி போன காலையில் இதே மதிலோரம் சங்கு நின்றதைக் கேட்டவன் இவன், மரியாதைக்காக அரண்மனை சொல்லட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான், எங்கிருந்தோ வந்த இன்னொரு டிவிக்காரன் நாலு நிமிஷம் முந்திப் போட்டுவிட்டான், அப்போது இருந்த செய்தி ஆசிரியர் போனில் கேட்டார், உள்ளூர்லயே இருந்துகிட்டு என்ன சார் பண்ணுனீங்க, பல்லு குத்திக்கிட்டு இருந்தீங்களா, அந்தக் கேள்வி பதினோரு வருஷமாகக் காதுக்குள்ளேயே குடியிருக்கிறது, மகாராஜா படுத்த நாளிலிருந்து தூக்கம் போய்விட்டது, கண்ணை மூடினால் அவர் கட்டிலில் கிடக்கிறார், நெஞ்சுக்குக் குறுக்கே போர்வைக்குப் பதில் சிவப்புப் பட்டை, ஒரு கண்ணை மட்டும் திறந்து என்ன நாயகம், போட்டுட்டியா என்று கேட்கிறார், இன்னும் இல்ல மகாராஜா என்கிறான் இவன், சீக்கிரம் போடு, எவனாவது முந்திருவான் என்கிறார் அவர், வியர்த்து விழித்தால் விடிந்திருக்கும், உடனே போனை எடுத்துச் சங்கிலிபூதத்தானைக் கூப்பிடுவான்.

சங்கிலிபூதத்தான் மகாராஜாவின் கூடவே இருப்பவர், ஐம்பத்திரண்டு வருஷமாகக் குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, ஊட்டுவது எல்லாம் அவர் கை, எழுபத்தைந்து வயது, பெண்டாட்டி பிள்ளை இல்லாத ஒற்றைக் கட்டை, ராத்திரி மகாராஜாவின் கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துப் படுத்துக்கொள்வார், அரண்மனைக்குள் இவனுக்கென்று இருந்த ஒரே வாய் அவருடையது, தினமும் காலை ஆறு மணிக்கு, எப்படி இருக்காவ அண்ணாச்சி என்று இவன் கேட்பான், அவர் முதலில் ஒரு பாட்டம் இருமி முடிப்பார், பிறகு, ராத்திரி ரெண்டு வாய் கஞ்சி குடிச்சாவ, விடியக்காலம் மழை பெஞ்சுதான்னு கேட்டாவ, பயப்படாதேயும் வே, கட்டை கெட்டி என்பார், சரி அண்ணாச்சி என்று வைத்துவிடுவான், இன்றைக்கு ஆறு மணியிலிருந்து பதினோரு தரம் அடித்தாயிற்று, எடுக்கவில்லை, எப்படி எடுப்பார் பாவம், எசமான் போன துக்கத்தில் சுவரில் முட்டிக்கொண்டு கிடப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான், அவர் எடுக்காததையும் ஒரு சாட்சியாகத்தான் சேர்த்துக்கொண்டான்.

அதற்குள் ஊர் வேறு ஊராகிவிட்டது, பஜாரில் ஒவ்வொரு கடையாக ஷட்டரை இழுத்து விடுகிறார்கள், டீக்கடைக்காரரும் பாய்லரை அணைத்து, டிவியை நிறுத்தி, எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டார், பிளெக்ஸ் கடைக்காரர் போன் பண்ணுகிறார், அண்ணாச்சி, மகாராஜா நல்லா சிரிச்ச மாதிரி இன்னொரு போட்டோ உண்டா, நாலு கட்சிக்காரங்க வந்து நிக்காவ, எல்லாரும் ஒரே போட்டோ வேண்டாம்ங்காவ, செல்போனைத் திறந்தால் சென்னையில் இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள், ஒருவர் மகாராஜாவைக் கொடைவள்ளல் என்கிறார், மற்றவர் இவங்க பாட்டன் வாங்கின வரி தெரியுமா என்கிறார், ஆவரங்கோட்டை எந்தத் திசையில் இருக்கிறது என்று இரண்டு பேருக்குமே தெரியாது, பள்ளிக்கூடத்துக்கு லீவு உண்டா என்று ஒரு வாத்தியார் கேட்கிறார், மந்திரி மதுரையிலிருந்து புறப்பட்டுவிட்டாராம், அரண்மனைத் தலைவாசலில் எள் போட்டால் எள் விழாத கூட்டம், எங்க சாமியே போயிட்டியே என்று ஒரு பெண் நெஞ்சில் அடித்துக்கொள்கிறாள், அவள் முகத்துக்கு நேரே ஆறு மைக், உண்மையான கண்ணீர் அது, வீட்டிலிருந்து பெண்டாட்டி வடிவு வேறு, ஒங்க பேரு டிவியில வந்துட்டு, எங்க அண்ணன் தூத்துக்குடியில இருந்து பேசுனான் என்று பூரிக்கிறாள், சரி வை என்று வைத்தான். இவ்வளவு ஜனம் அழுகிறது, உள்ளே ஒரு குரல்கூட அழக் காணோமே என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

ஆள் இல்லாத வடக்கு வாசலுக்கு வந்தான், கம்பிக் கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் மெர்சி வெளியே வருகிறாள், மூன்று வாரமாக அரண்மனையிலேயே தங்கி மகாராஜாவுக்கு ஊசி போடுகிறவள், கையில் ஒரு பிளாஸ்க், தெருவை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் பார்க்கிறாள், ஏன் அண்ணாச்சி, எல்லாக் கடையும் சாத்திக் கிடக்கு, இன்னிக்கு எதும் பந்தா, துக்கம்னு உள்ள அடுப்புப் பத்தவைக்கல, மகாராஜாவுக்குச் சீனி போடாத பால் ஒரு டம்ளர் வாங்கணும், எங்க கிடைக்கும்.

மகாராஜாவுக்குப் பால். கோமதிநாயகத்துக்குக் காது அடைத்துப்போனது, பிறகு அவள் சொன்னதெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலத்தான் வந்தது, பூதத்தான் தாத்தா போயிட்டாங்க அண்ணாச்சி, விடியக்காலம் நாலு மணி இருக்கும், மகாராஜா தண்ணி கேட்டிருக்காங்க, பாயில இருந்து எந்திரிச்சவங்க அப்படியே உக்காந்துட்டாங்க, நெஞ்சுல ரொம்ப நாளாவே சளி, ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னா, இவங்கள விட்டுட்டு எங்க போகன்னுதான் சொல்வாங்க, மகாராஜாதான் நடையைச் சாத்தச் சொன்னாங்க, குருக்கள் அப்படி வழக்கம் இல்லைன்னாரு, இன்னிக்கு இருந்து உண்டுன்னுட்டாங்க. வழக்கம் தெரியாத ஒருவன் கதவைத் தட்டிக் கேட்டிருப்பான், தப்பியிருப்பான், வழக்கத்தைக் கரைத்துக் குடித்தவன் மாட்டிக்கொண்டான்.

அங்கேயே நின்றான், கையில் போன் அதிர்ந்துகொண்டே இருக்கிறது, அந்த ஒரு நிமிஷத்தில் அவன் நினைத்ததை வடிவிடம்கூடச் சொல்ல மாட்டான், தொண்ணூற்று மூன்று வயது, கூடவே இருந்தவன் செத்த அதிர்ச்சி, காலையில் பாலும் குடிக்கவில்லை, ஒரு மணி நேரம், இன்னும் ஒரே ஒரு மணி நேரத்துக்குள் இவரும் போய்விட்டால் செய்தி உண்மையாகிவிடும், முருகா என்று நினைத்தான், நினைத்த பிறகுதான் என்ன நினைத்தோம் என்று தெரிந்தது, அட பாவி, ஒரு மனுஷன் சாகவேண்டும் என்று முருகனைக் கூப்பிடுகிறாயே, அதோடு இன்னொன்றும் வந்து இடித்தது, மூன்று வாரமாக அந்த இருமலைக் கேட்டுக்கொண்டுதானே இருந்தான், இருமி முடியட்டும் என்று காத்துக்கொண்டுதானே இருந்தான், நீரு எப்படி இருக்கீரு அண்ணாச்சி என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டிருக்கலாமே.

உள்ளே போனான், கல் மண்டபத்தில் பெஞ்சின்மேல் வெள்ளை வேட்டியைப் போர்த்திப் பூதத்தானைக் கிடத்தியிருக்கிறார்கள், தலைமாட்டில் சக்கர நாற்காலியில் மகாராஜா, கண் பார்வை போய் இரண்டு வருஷமாகிறது, வெளிச்சமும் நிழலும்தான் தெரியும், யாரு என்றார், கோமதிநாயகம் மகாராஜா என்று சொல்லி அப்படியே காலில் விழுந்தான், என்னய மன்னிச்சிருங்க, நான் தப்பா, என்பதற்குள் மகாராஜா காலை இழுத்துக்கொண்டு, எந்திரி நாயகம், தந்தி டெலிபோன் இல்லாமலே நான் செத்த சேதி எனக்கு வந்துட்டு, காவக்காரன் இப்பத்தான் சொன்னான், செத்தவன் காலுல விழாத, பாவம் என்றார், அந்த நேரத்திலும் கேலி, ஆனால் அவர் கை பூதத்தானின் கையைப் பிடித்தபடியே இருந்தது, அம்பத்திரண்டு வருஷம் என்னைத் தூக்குனான், இவனத் தூக்க இங்க மூணு பேருதான் இருக்காங்க, வாசல்ல எவ்வளவு கூட்டம். ரெண்டாயிரம் இருக்கும் மகாராஜா. எல்லாம் மாலையோட வந்திருக்கா. ஆமா மகாராஜா. அவர் பூதத்தானின் வேட்டியைத் தடவி இழுத்துவிட்டார், ராஜா எந்தப் பிணத்துக்குப் பின்னாலயும் வாசலத் தாண்டக்கூடாதுன்னு ஒரு வழக்கம் இருக்கு, அத நான் உடைச்சிருவேன், ஆனா என் காலு நடக்காது, நீ போ, எனக்குன்னு வந்தவங்கள இவனுக்கு வரச் சொல்லு, வருவாங்க, நம்ம ஜனம் நல்ல ஜனம்.

தலைவாசல் திண்ணைமேல் ஏறினான், மைக்குகள் மூக்கில் இடித்தன, யாழினியின் பெயர் போனில் மின்னி மின்னி அணைந்தது, அவன் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னான், மகாராஜா நல்லா இருக்காவ, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன், செத்தது பூதத்தான் அண்ணாச்சி, மகாராஜாவக் கவனிச்சுக்கிட்டவரு, மகாராஜா ஒங்க எல்லாரையும் உள்ள கூப்பிடுதாவ, வந்து ஒரு கை கொடுங்க. யாருலே பூதத்தான் என்று ஒரு குரல், மகாராஜா இருக்காரா, நல்லது, ஆனா எங்கள எதுக்குலே அழவச்ச என்று இன்னொரு குரல், நெஞ்சில் அடித்துக்கொண்ட அந்தப் பெண் முந்தானையை உதறிக்கொண்டு, கட்டையில போவான், என் கண்ணீரு என்ன தெருத் தண்ணியா என்று கத்தினாள், ஒரு செருப்பு அவன் தோளில் விழுந்தது, மாலை கொண்டுவந்தவர்கள் மாலையோடு திரும்பினார்கள், இந்த நிருபர் தவறான தகவல் தந்ததாக என்று அவன் முகத்தைப் பார்த்தபடியே ஒருவன் நேரலையில் சொல்ல ஆரம்பித்தான், பிடிலே அவன என்று பின்னாலிருந்து ஒரு கூட்டம் தள்ளியது, காவல்காரர் அவனை உள்ளே இழுத்துக் கதவைத் தாழிட்டார், கதவின்மேல் கைகள் தட்டுகிற சத்தம், வசவு, கூச்சல், ஒருவர்கூட உள்ளே வரவில்லை.

மண்டபத்துக்குத் திரும்பி வந்தான், சட்டை கிழிந்திருந்தது, மகாராஜாவுக்கு அது தெரியாது, அவர் தலையைச் சாய்த்து வெளிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார், மதிலுக்கு இந்தப் பக்கம் வசவு வசவாக வரவில்லை, பெரிய இரைச்சலாக மட்டும் வந்தது, அவர் முகம் மலர்ந்திருந்தது, நாயகம், இவ்வளவு சனமா, இவ்வளவு பேரா நம்ம பூதத்தானுக்கு என்று கேட்டார். கோமதிநாயகம் மெர்சியைப் பார்த்தான், அவள் தலையைக் குனிந்துகொண்டாள், பதினேழு வருஷத்தில் தப்பான செய்தி ஒன்றைத் தெரியாமல் கொடுத்தது இன்று காலையில்தான், தெரிந்தே கொடுக்கப்போவது இப்போது, ஆமா மகாராஜா, ஊரே வந்து நிக்கு என்றான்.

அப்படியா என்றார் மகாராஜா, பூதத்தானின் கையை மெல்ல விட்டார், அப்பம் அவசரப்படாதீங்க, மெதுவாத் தூக்கிட்டுப் போங்க, எல்லாரும் பாக்கணும்லா.

சமையல்காரர், தோட்டக்காரர், காவல்காரர், நாலாவது ஆளாக முன்பக்கம் கோமதிநாயகம், பாடை கனக்கவே இல்லை, வடக்கு வாசல் வழியாகத் தெருவில் இறங்கினார்கள், இரண்டு பக்கமும் ஷட்டர் இறங்கிய கடைகள், ஒரு ஆள் கிடையாது, ஒரு நாய்கூடக் கிடையாது, வேகமாகப் போனால் பத்து நிமிஷத்தில் ஆற்றங்கரை வந்துவிடும், ஆனால் அவர்கள் மகாராஜா சொன்னபடி, பத்தடிக்கு ஒரு தரம் நின்று நின்று, மெதுவாகத் தூக்கிக்கொண்டு போனார்கள்.