கூரைக்கு வராத பெல்ட்

விடியற்காலை நாலரை மணிக்கே ஏணியில் ஏறிவிடுவோம். அமெரிக்கப் பாலைவன நகரமான ஃபீனிக்ஸில் ஜூன் மாதம் எட்டு மணிக்கு மேல் கூரையில் முட்டி வைத்தால் தோல் கழன்று வரும். பழைய தார் ஓடுகளை மண்வெட்டியால் பெயர்த்துக் கீழே எறிந்துவிட்டு, புதியதை வைத்து ஆணி அடிக்க வேண்டும். பத்துப் பேர் செய்கிறோம். பிப்ரவரி வரை பதினொரு பேராக இருந்தோம்.

பதினொன்றாவது ஆள் நிகானோர். என் மகளின் ஞானஸ்நானத்தில் அவளுக்கு ஞானத்தகப்பனாக நின்றவன். அந்த உறவில் நாங்கள் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிடுவோம். அன்று மழை விட்டிருந்தது. வழுக்கிய கூரையைப் பார்த்து, "முதலாளி, பெல்ட் குடுங்க" என்று கேட்டான். கூரையிலிருந்து விழாமல் பிடித்துக்கொள்ளும் பாதுகாப்பு பெல்ட்டுகள் லாரியில் பூட்டிய பெட்டிக்குள் இருந்தன. அதிகாரி சோதனைக்கு வந்தால்தான் அந்தப் பெட்டி திறக்கும்.

"பயமா இருந்தா வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் தேய்," என்று முதலாளி ஹாட்லி சிரித்தார். நாங்களும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். பத்து நிமிடத்தில் நிகானோர் விழுந்தான். முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே எல்லாம் ஓய்ந்துபோனது.

இப்போது அவனுக்குப் பெல்ட் கிடைத்துவிட்டது. மருத்துவமனைப் பயிற்சிக் கூடத்தில் தினமும் காலை ஏழு மணிக்கு அவனைப் பெல்ட்டில் மாட்டி, ஓடும் பட்டை இயந்திரத்தின் மேல் தொங்கவிடுகிறார்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு காலை எடுத்து எடுத்து வைக்கிறார்கள். ஒருவர் பின்னால் நின்று இடுப்பைப் பிடிக்கிறார். கால்களுக்கு நடையைத் திரும்பத் திரும்பச் செய்து காட்டித்தான் பழக்க வேண்டுமாம். பத்தாவது வாரம் வலது தொடை தானாக இறுகியது.

"நடப்பார்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இப்பப் போய் நிறுத்திடாதீங்க," என்றாள் பயிற்சி கொடுக்கும் ரெனாட்டா.

அந்த வாரமே நிகானோருக்கு ஹாட்லியின் கடிதம் வந்தது. அலுவலகத்தில் உட்கார்ந்து தொலைபேசி எடுக்கும் வேலை, காலை ஏழு முதல் மூன்று வரை. வராவிட்டால், வேலையை மறுத்துவிட்டான் என்று சிகிச்சைக்குப் பணம் கட்டும் காப்பீட்டுக்காரர்களுக்கு எழுதுவார், சிகிச்சை நிற்கும். வேலைக்குப் போனாலும் நிற்கும், இயந்திரத்தில் அவனுக்கு வேறு நேரம் கிடையாது.

"இதுக்கு என்ன பண்ணட்டும், கொம்பாத்ரே?" என்று கேட்டான். அன்று நான் சிரித்ததைப் பற்றி அவன் ஒருநாளும் பேசியதில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

மறுநாள் விடியலில் ஹாட்லி வண்டியை விட்டு இறங்கியதும் ஏணிக்குக் குறுக்கே நின்றேன்.

"நிகானோர் வேலை நேரத்த மாத்துங்க, முதலாளி."

"கால் போனவனுக்கு நாற்காலி போட்டு வேலை குடுக்கிறேன். இன்னும் என்னய்யா வேணும்?"

"ஏழு மணிக்கு அவனுக்குப் பயிற்சி."

"கயித்துல பொம்ம மாதிரி ஆடுறானே, அதுவா?" என்று ஹாட்லி சிரித்தார்.

இந்த முறை ஒருவரும் கூடச் சிரிக்கவில்லை. வேலையில் வாயே திறக்காத செலெரினோ, மேலிருந்து மண்வெட்டியைக் கீழே போட்டான்.

"பெட்டியத் திறங்க, முதலாளி. எங்களுக்குப் பெல்ட் வேணும். அவனுக்கு ஏழு மணி வேணும். ரெண்டும் கிடைக்கிற வரைக்கும் யாரும் ஏறல," என்றேன்.

"மத்தியானத்துக்குள்ள வேற பத்துப் பேரக் கொண்டுவரேன், பாக்கிறியா?"

"கொண்டாங்க. அவங்ககிட்டயும் நிகானோர் எப்படி விழுந்தான்னு சொல்றோம்."

ஒவ்வொருவராக இறங்கினார்கள். நாளைக்கு அடுப்பு எரியுமா என்று தெரியாது. ஆனாலும் மற்றவர்களோடு எங்கள் வண்டியில் ஏறினேன்.

ஏழு மணிக்குப் பத்துப் பேரும் பயிற்சிக் கூடத்தில் நின்றோம். நிகானோர் அலுவலகத்துக்குப் போகாமல் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அழுகிறான் என்று தெரிந்தது.

ரெனாட்டா என்னை மட்டும் கை கழுவச் சொல்லி, அவனுடைய வலது காலைப் பிடிக்கக் கொடுத்தாள்.

"நீங்களே தூக்கிடாதீங்க. அவர் தூக்கப் பாப்பார். முடியாத மிச்சத்துக்கு மட்டும் கை குடுங்க."

பட்டை ஓடத் தொடங்கியது. முதல் அடி முழுக்க என் கையில்தான் இருந்தது. இரண்டாவதும் அப்படித்தான். ஏழாவதோ எட்டாவதோ, கையில் கனம் ஒரு துளி குறைந்தது. என் ஆசையாகக்கூட இருக்கலாம்.

"இன்னொரு தடவ, கொம்பாத்ரே," என்றான் நிகானோர்.

என் சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. ஹாட்லியாகத்தான் இருக்கும். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க எனக்குக் கை ஒழியவில்லை.