பெண்ணை விசாரித்து வந்த ஃபோன்

“உங்ககிட்ட வேலை பாக்கற பொண்ணு, நெஹாமா. அவளைப் பத்தி ரெண்டு வார்த்தை கேக்கணும். எங்க பையனுக்காக.”

“கேளுங்க.”

“பொண்ணு வீட்டுல குடுத்த பேருங்களை எல்லாம் கூப்பிட்டுப் பேசிட்டேன். ஒருத்தர் தங்கம்ங்கறாங்க, ஒருத்தர் வைரம்ங்கறாங்க. அவங்க குடுத்த ஆளுங்க வேற என்ன சொல்வாங்க? பட்டியல்ல இல்லாத ஒருத்தர்கிட்ட பேசினாத்தான் எனக்கு நிம்மதி.”

“நல்ல பொண்ணுங்க. குழந்தைங்க அவளை விட்டு நகராது.”

“உடம்பு நல்லா இருக்கா? மனசு? மறைக்கற மாதிரி ஒண்ணும் இல்லையே?”

நான் பதில் சொல்லவில்லை. ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம். பிறகு, “அதை நீங்க அவங்க வீட்டுலயே கேட்டுக்கறது நல்லது” என்றேன்.

“ஓ...” என்றது அந்தக் குரல். “புரியுதும்மா. நீங்க சொல்லாமலே புரியுது. நல்லா இருங்க.”

கோடை விடுமுறைக்கு முந்தைய வாரம் அது. பேசியவர் திருமதி வைன்ரெப், பெல்ஜியத்திலிருந்து. அவருக்கு ஒரு விஷயம் தெரியாது. ஜெருசலேமில் நெஹாமா வேலை பார்க்கும் பாலர் பள்ளியை நடத்தும் ஷிப்ரா கெஸ்லராகிய நானும், அவர் விசாரித்த நெஹாமா ஹால்பெர்னும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு என் பெயர் மாறிவிட்டது, அவ்வளவுதான். ‘நான் அவளோட அக்காங்க’ என்று முதல் வார்த்தையிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவர் கேட்டபோது என் கண்முன் வந்தது நெஹாமாவின் முகம் அல்ல, அம்மாவின் குளியலறை. பக்கவாதம் வந்து அம்மாவுக்கு வலப்பக்கம் விழுந்து மூன்று வருடம் ஆகிறது. பள்ளி நேரம் போக நெஹாமாதான் அவளோடு இருக்கிறாள், தூக்கி உட்கார வைக்கிறாள், குளிப்பாட்டுகிறாள். மதியம் என் ஐந்து பிள்ளைகளையும் அழைத்து வந்து சோறு போடுவதும் அவள்தான். நான் வியாழக்கிழமை ஒரு பானை சூப்போடு போய், அம்மாவின் நெற்றியில் முத்தமிட்டுத் திரும்புகிறவள். பெல்ஜியம் என்ற சொல் காதில் விழுந்ததும் அந்த ஈரத் தரையில் நான் மட்டும் தனியாக நிற்பது தெரிந்தது. வாய் தானாக மூடிக்கொண்டது.

பொய் ஒன்றும் சொல்லவில்லை என்று பல நாள் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் சம்பந்தம் விசாரிக்கும்போது ஒருவர் தயங்கினால் என்ன அர்த்தம் என்பது எங்கள் தெருவில் பாவாடை கட்டிய சிறுமிக்கும் தெரியும். திட்டினால்கூடப் பொறாமை என்று தள்ளிவிடுவார்கள். தயக்கத்துக்கு மருந்து கிடையாது.

மறுநாள் பையனும் பெண்ணும் முதல்முறை பார்த்துப் பேசுவதாக இருந்தது. நெஹாமா நீல உடுப்பை இஸ்திரி போட்டுக் கதவில் மாட்டி வைத்திருந்தாள். தரகர் அம்மாள் ஃபோன் செய்து, “இப்போதைக்கு வேண்டாம்னுட்டாங்க” என்றாள். காரணம் சொல்லவில்லை. அடுத்த மாதம் ஹைஃபாவிலிருந்து பேச்சைத் தொடங்கிய ஒரு குடும்பம் பாதியில் நின்றது. அதற்கடுத்து நாலு தெரு தள்ளி இருந்த ஒரு குடும்பம். என் வாயிலிருந்து வெளியே வராத ஒன்று எத்தனை வீட்டுக்குள் போய்விட்டது என்று அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு வயது இருபத்தாறு; எங்கள் தெருவில் அது கல்யாணத்துக்குப் பிந்திய வயது.

கோடை முடிந்து எங்கள் யூதப் புத்தாண்டு பிறந்தது. அதிலிருந்து பத்தாம் நாள் யோம் கிப்பூர் என்ற பட்டினி நாள். ஒவ்வொருவருக்கும் கடவுள் புத்தாண்டில் எழுதும் தீர்ப்பு அந்த நாளின் முடிவில் முத்திரை இடப்படுகிறது. கடவுளுக்கு எதிராகச் செய்ததை அந்த நாள் துடைத்துவிடும். மனிதருக்குச் செய்ததை, அந்த மனிதர் மன்னிக்கிற வரைக்கும் அந்த நாளாலும் துடைக்க முடியாது. எழுத்துப் படிக்கும் முன்பே எங்களுக்குச் சொல்லித்தரும் விஷயம் இது. அதனால் அந்த நாளுக்கு முன் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்வது வழக்கம்.

அந்தப் பத்து நாளும் நான் பயத்தில் கிடந்தேன். சின்னவனுக்கு மூன்றாம் நாள் ஜுரம் அடித்தது. தெர்மாமீட்டரை மூன்று முறை வைத்துப் பார்த்தேன். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் பிள்ளைகளை எண்ணினேன். பிரார்த்தனைப் புத்தகத்தைத் திறந்தால், பாவ அறிக்கை முழுவதும் ‘நாங்கள்’ என்றே இருக்கிறது. நாங்கள் குற்றம் செய்தோம், நாங்கள் துரோகம் செய்தோம். ஒவ்வொரு வரிக்கும் மார்பில் தட்டிக்கொள்ள வேண்டும். இத்தனை வருடம் அந்த ‘நாங்கள்’ எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது! ஊரே சேர்ந்து செய்த தப்பில் என் பங்கு ஒரு துளி. இந்த வருடம் கையைத் தூக்கினால் தட்ட முடியவில்லை. ‘என் பிள்ளைகளை மட்டும் தண்டித்துவிடாதே’ என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பட்டினிக்கு முந்தைய நாள் மதியம், நெஹாமா பிள்ளைகளைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை மாட்டி என் வீட்டுக்குக் கூட்டி வந்தாள்.

“இந்தா, உன் சொத்து. அஞ்சும் சரியா இருக்கான்னு பாத்துக்கோ. ஒண்ணு ரொம்ப நாறிச்சு, அதை மட்டும் ரெண்டு தடவை கழுவினேன்.”

“சித்தி பொய் சொல்றா!” என்று மூன்றாமவன் கத்தினான். பிறகு தீவிரமாக, “அம்மா, நாளைக்குக் கடவுளுக்கும் பசிக்குமா?” என்றான்.

“உன்னை மாதிரி பத்துப் பேர் இருந்தா அவருக்குத் தலைவலிதான் வரும். ஓடு,” என்று நெஹாமா அவனை விரட்டினாள். சமையலறையில் என் பக்கத்தில் வந்து நின்று, தர்பூசணித் துண்டு ஒன்றை எடுத்தாள். கடிக்கவில்லை.

“அக்கா, ஒண்ணு கேட்டா சிரிக்க மாட்டியே?”

“கேளு.”

“போன வாரம் ரத்தம் குடுத்து டெஸ்ட் பண்ணிட்டு வந்தேன். எல்லாம் சரியாத்தான் இருக்காம். அப்புறமும் எனக்கு நம்பிக்கை வரல. மூணு வீடு அக்கா. ஒருத்தர்கூட என் மூஞ்சியப் பாக்கல. என்கிட்ட ஏதோ இருக்கு. எல்லாருக்கும் தெரியுது, எனக்கு மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. உனக்குத் தெரியுமா?”

கத்தி என் கையில் இருந்தது. பழத்தை வெட்டிக்கொண்டே இருந்தேன்.

“பைத்தியம். ஒண்ணும் இல்ல உனக்கு” என்றேன்.

“நீ அப்படித்தான் சொல்வ. நீ என் அக்கா.”

துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டு, அம்மாவுக்குச் சாப்பாடு கொடுக்கக் கிளம்பிவிட்டாள்.

நாலு மணிக்கு என் கணவர் எல்கானா, பண்டிகைக்கு முன் முழுகும் சடங்குக் குளத்தில் முழுகிவிட்டு ஈரத் தாடியோடு வந்தார். பட்டினிக்கு முன் கடைசிச் சாப்பாடு. கோழி சூப்பில் இறைச்சி பொதிந்த கொழுக்கட்டைகள் மிதந்தன. பிள்ளைகள் நாளைய பசிக்கும் சேர்த்து இன்றே அள்ளிப் போட்டுக்கொண்டார்கள். நான் கரண்டியைக் கீழே வைத்தேன். எழுந்து சமையலறைக்குப் போனேன். அவர் பின்னாலேயே வந்தார்.

“உடம்பு சரியில்லையா?”

சொல்லிவிட்டேன். பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். திரும்பியபோது அவர் தாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

“நெஹாமாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது. தெரியாம இருக்கறவகிட்ட போய்ச் சொன்னா அவளுக்கு வலிக்கும்தானே? அப்படிச் சொல்லக் கூடாதுன்னு சில பெரியவங்களே எழுதியிருக்காங்கல்ல?”

“எழுதியிருக்காங்க” என்றார். “சொல்லணும்னு எழுதினவங்களும் இருக்காங்க. எனக்கு ஒண்ணுதான் தெரியணும் ஷிப்ரா. நீ சொன்னா யாருக்காகச் சொல்வ? சொல்லாம இருந்தா யாருக்காக இருப்ப?”

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன்.

சொல்லாமல் இருந்தால் எனக்காக. அதில் சந்தேகம் இல்லை. பயங்கரம் என்னவென்றால், சொன்னாலும் எனக்காகத்தான். முத்திரை விழுவதற்குள் அவளிடம் ஒரு மன்னிப்பைப் பிடுங்கிக்கொண்டு என் பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இந்தப் பத்து நாளும் துடித்திருக்கிறேன். தன் உடம்பில் ஏதோ குறை என்று ஊசி குத்திக்கொண்டு வந்தவளைப் பற்றி ஒரு நிமிஷம்கூட நான் பயப்படவில்லை.

சுவர்க் கடிகாரம் நாலரை காட்டியது. அந்தி சாய்ந்ததும் பட்டினி நாள் தொடங்கிவிடும்; ஐந்தே முக்காலுக்குள் விளக்கு ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகு ஃபோனைத் தொடக் கூடாது. பெல்ஜியத்துக்கு அழைத்தேன்.

“திருமதி வைன்ரெப்? நான் ஷிப்ரா. பாலர் பள்ளி. நெஹாமா என் தங்கச்சி.”

“யார்?”

“என் கூடப் பிறந்த தங்கச்சி. அவ உடம்புலயும் குறை இல்ல, மனசுலயும் குறை இல்ல. நீங்க கேட்டப்போ நான் வாய மூடிக்கிட்டது என் குறை. அவ போயிட்டா எங்க அம்மாவ நான் பாத்துக்கணும். அதுக்காகத்தான்.”

எதிர்முனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

“என் பையனுக்கு வேற இடத்துல பேசி முடிச்சாச்சும்மா” என்றார் கடைசியில். “பண்டிகை முடிஞ்சதும் ஊருக்குச் சொல்லப் போறோம்.”

சுவரில் சாய்ந்துகொண்டேன். இனி அவளுக்குத் திருப்பிக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை.

“யார்கிட்டயாவது சொன்னீங்களா? என்கிட்ட விசாரிச்சதை?”

“தரகர்கிட்ட சொன்னேன். ஹைஃபாவுல என் நாத்தனார்கிட்ட...” அவர் குரல் மெலிந்தது. “ஐயோ, நானும்தானே இன்னிக்கு சாயங்காலம் போய் நிக்கணும். ஏம்மா இப்படிப் பண்ணின? வை, நீ வை. நான் அவங்களைக் கூப்பிடறேன்.”

“பசங்களைப் பாத்துக்கோங்க” என்று எல்கானாவிடம் சொல்லிவிட்டு இறங்கினேன்.

கடைகள் ஷட்டர் இழுத்துவிட்டிருந்தன. கடைசிப் பஸ் காலியாகப் போனது. வெள்ளை உடுத்தியவர்கள், தோல் செருப்பு கூடாத நாள் என்பதால் துணிச் செருப்புகளில், சத்தமே இல்லாமல் நடந்துகொண்டிருந்தார்கள். எதிர்ப்பட்ட பக்கத்து வீட்டுக்காரி, “நல்ல முத்திரை விழட்டும்” என்று வாழ்த்தினாள். அந்த வாழ்த்தே குத்தியது. பாதி வழியில் கால் நின்றுவிட்டது. திரும்பிவிடலாம் போலிருந்தது. அவள் என் முகத்தில் கதவைச் சாத்தலாம். பிள்ளைகளிடம் இனி வராமல் போகலாம். நாற்பது வயதுவரை என் கூடவே இருக்கப்போகிறவள் என்று நானாக எண்ணி வைத்திருந்த தங்கை, இன்று மாலையோடு எனக்கு இல்லாமல் போகலாம்.

நின்ற இடத்திலேயே, ஒரு கடைப் படிக்கட்டுப் பக்கத்தில், வாய்விட்டுக் கேட்டேன்: ‘அவளுக்கு வலிக்காமல் பார்த்துக்கொள். என்னைப் பற்றி நீ என்ன எழுதினாலும் சரி.’ பத்து நாளாகச் சாத்திய கதவைத் தட்டிக்கொண்டிருந்தது போல இருந்தது. இப்போதும் பயம் போகவில்லை. ஆனால் யாரோ மிக அருகில் நின்று கேட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது. அதுவும் பயமாகத்தான் இருந்தது. நடந்தேன்.

நெஹாமா வெள்ளை உடுப்பில், தோளில் துண்டோடு கதவைத் திறந்தாள். உள்ளே அம்மா நாற்காலியில் கண்மூடிச் சாய்ந்திருந்தாள்.

“என்ன அக்கா, இந்த நேரத்துல? பசங்களை யாரு பாத்துக்கறா?”

“உன் அத்தான்.”

“சரியாப் போச்சு. ஒருத்தன் சட்டைய இன்னொருத்தன் போட்டுட்டுத்தான் ஜெபாலயத்துக்கு வருவான்.” என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். “ஓ, புரிஞ்சுது. பண்டிகை மன்னிப்பா? மத்தியானம் கேக்க மறந்துட்டியாக்கும். சரி, மன்னிச்சேன், மன்னிச்சேன், மன்னிச்சேன். மூணு தடவை சொல்லியாச்சு. நீயும் சொல்லு, நான் விளக்கு ஏத்தணும்.”

அதை வாங்கிக்கொண்டு படியிறங்கிவிடலாம். எந்த நீதிமன்றத்திலும் அவள் சொன்னாள் என்று காட்டலாம். கால்கள் திரும்பவே பார்த்தன.

“அதைத் திரும்ப எடுத்துக்கோ” என்றேன்.

“என்னது?”

“நீ சொன்னதைத் திரும்ப எடுத்துக்கோ. நான் சொல்றதை முதல்ல கேளு. உன்கிட்ட ஒண்ணும் இல்ல நெஹாமா. ஒரு குறையும் கிடையாது. அந்த பெல்ஜியம்காரங்க ஃபோன் பண்ணினது எனக்குத்தான். உனக்கு உடம்பு நல்லா இருக்கான்னு கேட்டாங்க. நான் பதில் சொல்லல.”

அவள் தோளிலிருந்த துண்டை எடுத்தாள். மடித்தாள். இன்னொரு மடிப்பு மடித்தாள்.

“ஏன்?”

“நீ போயிட்டா அம்மாவ நான் குளிப்பாட்டணும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அவள் கண்கள் என் முகத்தில் எதையோ தேடின. இன்னும் பெரிய காரணம், மன்னிக்கத்தக்க காரணம் ஏதாவது. இல்லை என்று தெரிந்தபோது பார்வையை விலக்கிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே வெயில் எதிர்வீட்டு மாடியின் கடைசிக் கல்லுக்கு ஏறிவிட்டது.

“அந்தப் பையன்...” என்றாள்.

“அவனுக்கு வேற இடத்துல முடிஞ்சிருச்சு. இப்பத்தான் பேசினேன். நடந்ததை எல்லாம் அந்தம்மாகிட்ட சொல்லிட்டேன். அவங்க மத்தவங்ககிட்டயும் சொல்றேன்னாங்க.”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் தொடப் போய், கையை இழுத்துக்கொண்டேன்.

“இன்னிக்கே நீ பதில் சொல்லணும்னு இல்ல. அடுத்த வருஷம் ஆகட்டும். நீ சொல்லாமலே போனாலும் போகட்டும். பட்டினி முடிஞ்ச மறுநாள்லேர்ந்து காலையில பள்ளிக்கு முன்னாடி அம்மாவக் குளிப்பாட்ட நான் வருவேன். அது தனி. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.”  கோடையிலிருந்து வாய்க்குள்ளேயே நின்றிருந்த சொல்லை இரண்டு கையாலும் தள்ளுவது போலத் தள்ளினேன். “நெஹாமா, நான் உனக்குப் பண்ணினதுக்கு, தெரிஞ்சே பண்ணினதுக்கு, என்னை மன்னிப்பியா?”