கொதித்து ஆறிய தண்ணீர்

குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் பொறியாளர் ஒரு மாத இதழை மேசைமேல் விரித்துப் போட்டார். அதில் ஒரு கதைக்கு மேலே தன் மனைவியின் பெயரைப் பார்த்ததும் குளோரின் ஆபரேட்டருக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமை இரண்டு பத்திகூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

கதையில் ஒரு நகரம் அழிகிறது. வானத்திலிருந்து எதுவும் விழவில்லை, போரும் வரவில்லை. குடிநீர் நிலையம் ஒன்றில் தண்ணீரில் குளோரினைச் சொட்டுச் சொட்டாக விடும் பம்பு அடைத்துக்கொள்கிறது. பதிவுத்தாளில் மட்டும் குளோரின் அளவு மணிக்கு மணி 0.5, 0.5 என்று அழகாக எழுதியிருக்கிறது. மூன்றாம் வாரம் பள்ளிகளை மூடுகிறார்கள். ஆறாம் வாரம் மூடுவதற்கே ஆளில்லை.

"பச்சை வால்வைத் திருக இடது முழங்காலால முட்டுக் கொடுக்கணுமாம்," என்றார் பொறியாளர். "ஏன்யா, அது நம்ம வால்வுதானே?"

"வயசானா எல்லா வால்வும் அப்படித்தான் சார்."

"எல்லாத்துக்கும் இடது முழங்காலா? உள்விஷயத்த யார் வெளிய சொன்னதுன்னு திங்கக்கிழமைக்குள்ள எனக்குத் தெரியணும். இல்லன்னா உங்க பேரை எழுதி மேல அனுப்பிடுவேன். அப்புறம் வேலை போச்சுன்னு என்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

அவன் வீட்டில் வேலையைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. அப்படியானால் யார்? போன மாதம் மின்விசிறியைச் சரிசெய்ய நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்தவன் ஒருவன்தான். குளோரின் கசிந்தால் கருவிக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுவதால் 'மோப்பம்' என்று பெயரெடுத்த கூட்டாளி.

மதியம் மோப்பமே பேச்சை எடுத்தான். "அண்ணி கதையப் படிச்சேன். கடைசியில மூக்கு நல்லா இருக்கிறவன் ஒருத்தன்தான் பிழைக்கிறான். அது நான்தானே?"

"நீதான்னு உனக்கு யார் சொன்னது?"

"மூக்குதான்."

சிரித்த விதமே சரியில்லை என்று பட்டது ஆபரேட்டருக்கு. அன்றிலிருந்து வீட்டில் அவன் காது தனியாக அலைந்தது. மனைவி போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனால் இவனுக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை வந்துவிடும். பேச்செல்லாம் மகளின் பள்ளி வேன் பற்றித்தான் இருந்தது. அதுவும் அவன் சந்தேகத்தைத் தீர்க்கவில்லை. ஒரு வேனைப் பற்றி இவ்வளவு பேச என்ன இருக்கிறது?

சனிக்கிழமை அவள் மகளை நீச்சல் வகுப்பில் விடப் போனதும் மேசை இழுப்பறையைத் திறந்தான். துணிக்கடை ரசீதுகளுக்கு அடியில் ஒரு நோட்டுப் புத்தகம். மோப்பத்தின் பெயரைத் தேடியவன் தன்னைத்தான் கண்டான்.

'புதன். காலை ஏழேகால். காபி குடித்துக்கொண்டே மாலை நான்கு மணி வரைக்கும் எழுதி முடித்துவிட்டார்.'

பக்கம் பக்கமாக அதேதான்.

அடித்தல் திருத்தல் இருந்தால் பொறியாளர் பதிவுத்தாளைத் திருப்பி எறிந்துவிடுவார். அதனால் எல்லா ஷிஃப்ட்காரர்களும் வீட்டுக்குக் கொண்டுபோய் நல்ல பிரதி எழுதுவது வழக்கமாகியிருந்தது. நேற்றைய தாளை நன்றாக எழுதியவர்கள், இன்றைய தாளையும் முன்கூட்டியே நன்றாக எழுதிவைக்க ஆரம்பித்தார்கள். எப்படியும் 0.5தானே.

"கதை வந்ததுலேருந்து உங்க காது என் பின்னாலயே வருது. மோப்பம் ஒண்ணும் சொல்லல," என்றாள் அவள், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே. "தேடுறது அதைத்தானே?"

அவன் நோட்டை மூடினான். "வால்வு?"

"உங்க பேன்ட்டைத் துவைக்கிறது யாரு? இடது முழங்கால்ல மட்டும் பச்சை பெயின்ட். ரெண்டு வருஷமா தேய்ச்சுக்கிட்டு இருக்கேன்."

"உலகம் அழியணும்னா வானத்துலேருந்து ஒரு கல்லைப் போடக் கூடாதா? ஏன் என் தலையில போட்ட?"

"கல்லு விழுந்தா எனக்குப் பயமே வராது. அதை யாராலயும் தடுக்க முடியாது, நிம்மதியாத் தூங்கிடுவேன். காபி குடிச்சுக்கிட்டே ஒரு ஆள் நாலு மணியை எழுதுறாரே, அதைப் பார்த்தாதான் தூக்கம் போகுது. எங்கே போய் முடியும்னு எழுதிப் பார்க்காம இருக்க முடியல." அடுப்படிக்குப் போய்ப் பெரிய பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள். மகளின் தண்ணீர் பாட்டில் பக்கத்தில் மூடி திறந்து நின்றது.

"தண்ணிக்காரன் வீட்டுல தண்ணியக் கொதிக்க வைக்கிறியா?"

"ஆறு மாசமா."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்."

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?"

0.5 என்று சொல்லியிருப்பான். அது அவனுக்கே தெரிந்தது.

திங்கட்கிழமை காலையும் வீட்டிலேயே எழுதிய தாள்தான் பையில் இருந்தது. எட்டு மணிக்குச் சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து, குளோரின் அளவைக் காட்டும் மாத்திரையைப் போட்டான். நன்றாகச் சிவக்க வேண்டிய தண்ணீர், வெட்கப்படுவதா வேண்டாமா என்பதுபோல வெளுத்து நின்றது. 0.2. ஒன்பதுக்கும் அதேதான். பத்துக்கு 0.1. ஒவ்வொரு முறையும் 0.5ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினான்.

"யார் சொன்னதுன்னு கேட்டீங்களே சார். நான்தான்," என்று அந்தத் தாளை நீட்டினான்.

பொறியாளர் அடித்தல்களைப் பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து பழைய தாள்களைப் பார்த்தார். ஒவ்வொன்றின் அடியிலும் அவர் கையெழுத்து இருந்தது. போனை எடுத்து, குளோரின் பம்பைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொன்னார். மேலே அனுப்பவிருந்த கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இதையும் உங்க வீட்டுல எழுதுவாங்களா?" என்று கேட்டார் தாழ்ந்த குரலில்.

"தெரியல சார். எனக்குக் காட்டிட்டு எழுதுறதில்ல."

மாலையில் ஒரு சோதனைக் குழாயை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்படிக் குழாயில் தண்ணீர் பிடித்து மாத்திரையைப் போட்டான். இருவரும் ஜன்னல் வெளிச்சத்தில் அதை உயர்த்திப் பார்த்தார்கள்.

"எவ்வளவு?"

"0.2. பம்பு இன்னைக்குத்தான் சரியாச்சு. நாளைக்கு ஏறும்."

அவள் குழாயையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்தமுறை பெரிய பாத்திரத்தை நிரப்பி அடுப்பில் வைத்தது அவன்தான்.